முழங்கால் ஆழம்: தெக்கோங் தீவில் ஐந்து நாள்

காட்டுக்குள் கைபேசி கிடையாது. சட்டைப் பையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்துக்கொள்ளலாம். கிடைத்த ஐந்து, பத்து நிமிடங்களில் அதில் கிறுக்கியதைத்தான் இப்போது விடுப்பில் வீட்டில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பகுதியாக எழுதி இடுகிறேன். பயிற்சி பற்றி வெளியே சொல்லக் கூடாதவை சில உண்டு, அவற்றை விட்டுவிட்டேன்.

சிங்கப்பூருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே 1967 முதல் தேசிய சேவை நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயதை ஒட்டி ஆண்பிள்ளைகள் இரண்டு ஆண்டு சீருடை போட வேண்டும். ராணுவத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வந்து இறங்குவது புலாவ் தெக்கோங் என்ற தீவில். சாங்கியிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். எங்கள் அடிப்படைப் பயிற்சி ஒன்பது வாரம். அதன் நடுவில் வருகிறது காட்டுப் பயிற்சி. எல்லாரும் "ஃபீல்ட் கேம்ப்" என்றுதான் சொல்வோம்.

முதல் நாள்

விடியுமுன்னே அணிவகுப்பு. "செடியா!" (நேராக நில்) என்று குரல் வந்ததும் குதிகால்கள் ஒன்றாக அறைந்தன. எங்கள் அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் மலாயில்தான். சார்ஜன் திட்டுவது ஆங்கிலத்தில். பக்கத்தில் நிற்பவன் முணுமுணுப்பது சீனத்தில். நான் மனசுக்குள் எண்ணிக்கொள்வது தமிழில். நான்கு வாரத்தில் இது பழகிவிட்டது.

ஃபீல்ட் பேக்கை முந்தின இரவே கட்டியாயிற்று. ஒவ்வொரு ஜோடி உடுப்பையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பெயர் எழுதி அடுக்க வேண்டும். எவ்வளவு மழை கொட்டினாலும் மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த ஜோடி மிஞ்சியாக வேண்டும் என்பது கட்டளை. மெஸ் டின், திட எரிபொருள் வில்லை, தரைவிரிப்பு, மண்வெட்டி, பவுடர் டப்பா, ஐந்து நாளுக்கான ரேஷன் பொட்டலங்களில் என் பங்கு. தூக்கித் தோளில் போட்டதும் உடம்பு பின்னால் சாய்ந்தது. என் கூட்டாளி பின்னாலிருந்து பையைத் தாங்கி, வாரை இறுக்கிவிட்டான். பிறகு நான் அவனுக்கு.

கூட்டாளி என்பது இங்கே நட்பைக் குறிக்கும் சொல் மட்டும் அல்ல, ஒரு பொறுப்பு. முதல் நாளே கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் என்று இருவரைச் சேர்த்துவிடுகிறார்கள். அவன் தண்ணீர் குடித்தானா என்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தால் அவனைக் கேட்பார்கள். அவன் சீனப் பையன், பாட்டி வளர்த்த பிள்ளை, அதிகம் பேசமாட்டான். முதல் இரண்டு வாரம் நாங்கள் பேசியதெல்லாம் "துணி காய்ஞ்சிருச்சா", "பூட்டு போட்டியா" என்ற அளவுதான்.

நடந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மரத்தடியில் உட்காரவைத்து முன்கைகள் இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தச் சொன்னார்கள். உடம்புச் சூடு கைவழியாக இறங்குகிறதாம். வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளந்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வண்ணம் வைத்திருக்கிறார்கள். வெள்ளை என்றால் தாராளமாகப் பயிற்சி, கறுப்பு என்றால் கொஞ்சம் உழைப்பு, நிறைய ஓய்வு. எத்தனை நிமிடம் உழைப்பு, எத்தனை நிமிடம் ஓய்வு என்பதை அந்த வண்ணம் தீர்மானிக்கும். வீட்டில் அம்மா பயப்படுவதைக் கேட்டுக்கேட்டு இங்கே எங்களைக் கண்மூடித்தனமாக ஓட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மணிக்கொரு முறை போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறார்கள், குடித்துவிட்டோமா என்று பார்க்க.

மாலையில் பாஷா என்ற சின்னக் கூடாரம் கட்டினோம். இரண்டு பேருடைய விரிப்புகளையும் இணைத்து, நடுவே கயிறு, ஓரங்களில் முளை. உட்கார்ந்தால் தலை இடிக்கும் உயரம். இரண்டு ஆள், இரண்டு மூட்டை, இரண்டு துப்பாக்கி. துப்பாக்கியின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்தோம். எட்டும் தூரத்தில் இல்லாத துப்பாக்கியை இரவில் யாரோ வந்து எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எங்கள் பிரிவில் ஒருவன் இரண்டு அடி தள்ளி வைத்தான். நள்ளிரவில் அது இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்தபின் நான் வாரை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாள்

இருள் பிரிவதற்கு முன் எழுந்து, முகத்தில் பச்சையும் கறுப்பும் பூசி, துப்பாக்கியை வெளிப்பக்கம் நீட்டியபடி படுத்துக் கிடந்தோம். யாரும் பேசக் கூடாது. தெக்கோங் காட்டில் விடியல் சத்தத்தோடுதான் வருகிறது. முதலில் ஒரு பறவை, பிறகு பல, பிறகு தூரத்தில் சாங்கியில் இறங்கும் விமானம். குப்பைப் பைகள் வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் காட்டுப் பன்றியின் குளம்புத் தடம். இரவில் நான் கேட்ட சரசரப்பு அதுதான் என்று தெரிந்ததும் ஆறுதலாக இருந்தது. தெக்கோங்கைப் பற்றிப் பயல்கள் சொல்லும் பேய்க் கதைகள் அப்படி. கதை அல்லாததும் உண்டு: 1990இல் ஜோகூரிலிருந்து மூன்று யானைகள் கடலை நீந்தி இந்தத் தீவுக்கு வந்துவிட்டன. பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

காலை ரேஷனைச் சாப்பிட்டதும் தோண்டச் சொன்னார்கள்.

ஷெல்ஸ்கிரேப் என்பது ஒரு ஆள் படுக்கும் பள்ளம். பீரங்கிக் குண்டு விழுந்து சிதறும்போது அதன் துண்டுகள் தரைக்கு மேலே பறக்கும். தரைமட்டத்துக்குக் கீழே கிடப்பவன் பிழைப்பான். அவ்வளவுதான் கணக்கு. முழங்கால் ஆழம் வேண்டும் என்றார் சார்ஜன். நீளத்துக்கு என்னைத் தரையில் படுக்கச் சொல்லி, கூட்டாளி கத்தியால் என்னைச் சுற்றிக் கோடு கிழித்தான். எழுந்து பார்த்தபோது புல்லில் என் வடிவம் இருந்தது. எதற்கோ மனசு ஒரு கணம் நின்றது. பிறகு மண்வெட்டியைப் போட்டேன்.

முதலில் மேல்புல்லை மண்ணோடு சேர்த்துப் பாளம் பாளமாக வெட்டி எடுத்து நிழலில் அடுக்க வேண்டும். பள்ளத்தை மறைக்கவும் அதுதான், கடைசியில் மூடவும் அதுதான். அதன் கீழே நான்கு விரல் கடைக்குக் கறுப்பு மண். அதற்கப்புறம் செம்மண், செங்கல்லை அரைத்துப் பிசைந்து காயவைத்தது போல. மடக்கு மண்வெட்டி அதில் பட்டால் எகிறுகிறது. ஒரு கொத்துக்கு ஒரு பிடி மண் வந்தால் பெரிது. மணி பத்தாகும்போது வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பதினொன்றில் ஒன்று உடைந்தது. பன்னிரண்டு மணிக்குக் கணுக்கால் ஆழம்.

என் பள்ளத்தின் நடுவே ஒரு வேர் குறுக்கே ஓடியது. மணிக்கட்டுத் தடிமன். வெட்டினால் தெறிக்கிறது, இழுத்தால் அசையவில்லை. கூட்டாளி தன் பள்ளத்தை விட்டுவிட்டு வந்தான். இருபுறமும் மண்ணைக் கையால் தோண்டி வேரை அந்தரத்தில் நிற்கவைத்து, ஆளுக்கொரு பக்கம் மண்வெட்டியின் ஓரத்தால் அறுத்தோம். அரை மணி நேரம். அறுபட்டதும் அவன் முகத்தில் வந்த சிரிப்பை நான்கு வாரத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். "எந்த மரம்?" என்று மேலே பார்த்தான். முள்ளுமுள்ளாகக் காய் தொங்குமே, அந்த மரம். டுரியான்.

காட்டின் நடுவில் டுரியான் எப்படி வந்தது என்று ஓய்வு நேரத்தில் சார்ஜனைக் கேட்டேன். "இங்கே ஊர் இருந்தது, தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. விடுப்பில் வந்தபின் தேடிப் படித்தேன். 1980கள் வரை இந்தத் தீவில் மக்கள் குடியிருந்தார்கள். சீனர், மலாய்க்காரர், கொஞ்சம் இந்தியர். ரப்பர் மரம், மீன்பிடிப்பு, பழத்தோட்டம். கம்போங் செலாபின் என்று ஒரு பெரிய ஊரே இருந்திருக்கிறது. தீவு ராணுவப் பயிற்சிக்கு என்று ஆனதும் ஒவ்வொரு குடும்பமாகப் பெரிய தீவுக்குப் போய், 1987க்குள் ஊர் காலியாகிவிட்டது. யாரோ கொட்டையை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தின் வேரைத்தான் நாங்கள் அறுத்திருக்கிறோம். இதை எழுதும்போதும் அது என்னை விட்டுப் போகவில்லை. காட்டில் இனி எந்தப் பழமரத்தைக் கண்டாலும் பக்கத்தில் ஒரு வீட்டு வாசல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இருட்டும்போது முழங்கால் ஆழம் வந்தது. சார்ஜன் என்னைப் பள்ளத்துக்குள் நிறுத்தி, தன் கையை என் முழங்கால் சில்லில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். படுத்தேன். மண் குளிர்ச்சியாக இருந்தது. வானம் ஒரு நீளச்சதுரமாகத் தெரிந்தது.

குளியல் கிடையாது. ஈரத் தாளால் துடைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் பவுடர் கொட்டிக்கொண்டோம். முதுகுக்குக் கை எட்டாது, அதற்கும் கூட்டாளிதான்.

மூன்றாம் நாள்

டிசம்பர் மழை பிற்பகலில் பிடித்தது. முதல் இடி கேட்பதற்கு முன்பே "கேட் ஒன்" என்று எச்சரிக்கை வந்துவிட்டது. மின்னல் அபாயம் என்று பொருள். எந்தப் பயிற்சியானாலும் அப்படியே நிறுத்திவிட்டுக் கூரையுள்ள இடத்துக்குப் போக வேண்டும். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தகரக் கூரையின் கீழ் முட்டி மடக்கி உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. நான் என் பள்ளத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போனபோது அது செம்மண் கரைசல் நிறைந்த தொட்டியாக இருந்தது. மெஸ் டின்னால் மொண்டு ஊற்றினோம். ஊற்ற ஊற்றச் சுவர் சரிந்தது. மறுபடி தோண்டினோம். பூட்ஸுக்குள் தண்ணீர், காலுறைக்குள் மணல். அன்று மாலைதான் எனக்கு உண்மையாகவே இடிந்துபோயிற்று. வேலை கடினமாக இருந்ததால் இல்லை. ஒரு நாள் முழுக்கச் செய்தது ஒரு மணி நேரத்தில் இல்லாமல் போனதால்.

இரவு எல்லாரையும் உட்காரவைத்து ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். வீட்டிலிருந்து கடிதம். எங்களுக்குத் தெரியாமல் முன்பே வாங்கி வைத்திருக்கிறார்கள். அண்ணன்மார் உள்ள பயல்கள் இப்படி ஒன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தும் கையில் வாங்கியபோது விரல் நடுங்கியது. பாஷாவுக்குள் போய்ச் சிவப்பு வில்லை போட்ட டார்ச்சைக் கொளுத்தினேன்.

தாளின் தலையில் "உ" என்று பிள்ளையார் சுழி. கூட்டாளி எட்டிப் பார்த்து, "இது என்ன எழுத்து? மதிப்பெண்ணா?" என்றான். எதைத் தொடங்கினாலும் முதலில் இதைப் போடுவோம், தடங்கல் வராமல் இருக்க என்றேன். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தபின் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவார்களாம். தாத்தா போனபின் எழுத ஆள் இல்லை. அதனால் எனக்கு வந்ததும் அந்தக் காலத்துக் கடிதமாகவே இருந்தது. "அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்." கூட்டெழுத்து, சாய்வு, சிவப்பு வெளிச்சம். பள்ளியில் பத்து வருஷம் தமிழ் படித்தவன்தான் நான், ஆனாலும் சொல் சொல்லாகத்தான் நகர முடிந்தது. அதனால் ஒரு நன்மை: வேகமாகப் படித்துத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு வரியிலும் அம்மா நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை சுத்தபத்தமாக இருக்க முடிகிறதா, முடியாவிட்டால் பரவாயில்லை, சாமி கோபித்துக்கொள்ளாது, சாப்பிடு என்று எழுதியிருந்தார்கள். ராத்திரி தட்டு எடுத்து வைக்கும்போது கை தன்னால் நான்கு எடுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். "இங்கே இடி இடித்தால் உங்கள் தீவிலும் இடிக்குமா? நம் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் தெக்கோங் என்று அப்பாவைக் கேட்டேன். கையைக் காட்டினார். அந்தப் பக்கம் கறுத்தால் நான் தூங்குவதில்லை."

பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் நான் உட்கார்ந்திருந்தபோது அம்மா எங்கே நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அழுதேன். மறைக்க இடமில்லை, அது இரண்டு ஆள் பாஷா.

கூட்டாளியும் தன் தாளைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். அவன் பாட்டி சீனத்தில் எழுதியிருந்தார். "பாதி எழுத்து எனக்குத் தெரியவில்லை," என்றான். வெட்கப்பட்டு, மெல்லிய குரலில். தெரிந்ததை மட்டும் சத்தமாகப் படி என்றேன். படித்தான். நடுவில் நின்று, தாவி, மறுபடி படித்தான். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. பிறகு என்னுடையதைப் படிக்கச் சொன்னான். அவனுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் நான் எங்கே நின்றேனோ அங்கெல்லாம் அவனும் தலையைக் குனிந்துகொண்டான். தெரியாத எழுத்துகளை மலேசியாவில் சீனப் பள்ளியில் படித்த பையன் ஒருவன் மறுநாள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

கடிதத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்தில் ஒரே வரி. "ஈரக் காலுறையைப் பிழிந்து சட்டைக்குள் வயிற்றில் வைத்துப் படு. காலையில் காய்ந்திருக்கும்." அப்பா 1989இல் நீ சூன் முகாமில் பயிற்சி எடுத்தவர், எம்16 துப்பாக்கி தூக்கியவர், இரண்டரை வருஷம். அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. நான் என் காலுறையைப் பிழிந்து வயிற்றில் வைத்துக்கொண்டேன். கூட்டாளிக்கும் சொன்னேன். சில்லென்று இருந்தது, பிறகு பழகிவிட்டது.

காலையில் காய்ந்திருந்தது.

நான்காம் நாள்

எழுத நேரமில்லாத நாள். ஜோடி ஜோடியாக முன்னேறும் பயிற்சி, வெற்றுத் தோட்டாவோடு. ஒருவன் சுட்டுக்கொண்டே இருக்க மற்றவன் எழுந்து மூன்று விநாடி ஓடி விழ வேண்டும். விழுந்ததும் அவன் சுட, இவன் ஓட. எஸ்ஏஆர் 21 என்ற எங்கள் துப்பாக்கி சிங்கப்பூரிலேயே செய்தது, 4 கிலோவுக்குப் பக்கம். பத்தாவது தடவை விழும்போது அது 10 கிலோ. சரளை மண்ணில் தவழ்ந்து இரண்டு முழங்கையிலும் தோல் போயிற்று.

ஒன்றை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் அவன் சுடுகிறானா இல்லையா என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். முதல் இரண்டு முறை பார்த்துவிட்டேன், திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கட்டளைக்குப் பயந்து அல்ல. பார்க்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள்

பள்ளத்தை மூடச் சொன்னார்கள். தோண்டுவதில் கால் பங்கு நேரம்கூட ஆகவில்லை. மண்ணைத் தள்ளி, மிதித்து, மறுபடி தள்ளி, கடைசியில் நிழலில் அடுக்கியிருந்த புல் பாளங்களை ஒட்டுப் போட்டது போல் பொருத்தினோம். நான்கு நாளில் ஓரம் கொஞ்சம் பழுத்திருந்தது. வேர் பிடித்துவிடும் என்று சொன்னார் சார்ஜன். வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தபோது என்னுடையது எது என்று கண்டுபிடிக்க டுரியான் மரத்தை அடையாளம் வைக்க வேண்டியிருந்தது.

முகாமுக்கு நடை. தோளில் அதே பை, ரேஷன் தீர்ந்திருந்தும் ஈரத்தில் கனம் குறையவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதுமடல் பின்னாலிருந்த பச்சை மையை மட்டும் மூன்று முறை சோப்புப் போட்டும் எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு துப்பாக்கி துடைத்தல், மாலைவரை. உள்ளே ஒரு துளி செம்மண் இருந்தாலும் திருப்பி அனுப்பினார்கள்.

படகில் கூட்டாளி என் தோளில் சாய்ந்து தூங்கினான். சாங்கியிலிருந்து பேருந்தில் வந்து பாசிர் ரிஸ்ஸில் இறங்கியதும் அவன் பாட்டி நின்றிருந்தார், சின்ன உருவம், கையில் ஒரு ஃபிளாஸ்க். என் அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இருவருக்கும் பொது மொழி இல்லை. பாட்டி என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பி, உடைந்த கொப்புளத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். கூட்டாளி மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் அம்மா சீருடையை வாளியில் ஊறப்போட்டார்கள். மூன்று தண்ணீர் மாற்றியாயிற்று, நான்காவதும் தேநீர் நிறத்தில் இருந்தது. அப்பா குளியலறை வாசலில் வந்து நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம் தோண்டச் சொன்னாங்க?"

"முழங்கால்."

அப்பா கொஞ்சம் குனிந்து, கைலிக்கு மேல் தன் முழங்கால் சில்லில் கையை வைத்துக் காட்டினார். "இதுவரைக்கும்?"

"ஆமாப்பா. சார்ஜனும் அப்படித்தான் கையை வெச்சுப் பார்த்தாரு."

"எங்களுக்கும் அப்படித்தான்," என்றார். பிறகு வாளிப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று இரவு நெடுநேரம் பேசினார்.